விமானச் சண்டையில் ஒலித்த வாத்திய இசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போர்ப் படங்களின் பின்னணி இசை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் மீது நடந்த வான்போரைச் சொல்லும், 1969-இல் வெளியான 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' இடம்பெறாதது எனக்குக் குறையாகவே பட்டது. இப்படத்துக்கு முதலில் இசையமைத்தவர் வில்லியம் வால்டன். ஓர் இசைத்தட்டை நிரப்பும் அளவுக்கு அது நீளமில்லை என்று ஒதுக்கிவிட்டு, ரான் குட்வினைக் கொண்டு புதிதாக எழுதி வாங்கினார்கள். படத்தில் பிரிட்டிஷ் போர் விமானப் பிரிவின் தளபதி டௌடிங்காக நடித்த லாரன்ஸ் ஒலிவியே, வால்டனின் இசை அறவே இல்லையென்றால் தம் பெயரையும் நீக்கிவிடுமாறு கண்டிப்பாகச் சொன்னதால், ஒரே ஒரு பகுதி மட்டும் தப்பியது.

தப்பியது எத்தகைய பகுதி! எஞ்சின் இரைச்சலும் துப்பாக்கி வெடியும் அடங்கிவிட, தந்தி வாத்தியங்களின் பதற்றமும் பித்தளைக் குழல்களின் வெட்டும் மட்டுமே ஒலிக்க, விமானங்கள் புகை கக்கியபடி வீழ்கின்றன. குட்வினின் அணிவகுப்பு இசையும் கம்பீரமானதுதான். ஆனால் வெற்றி தோல்வி தெரியாத அந்தக் குழப்பத்தை வால்டனே உணர்த்துகிறார்.

அண்மையில் குன்னூரில் ஓர் அரங்கில் இப்படத்தைத் திரையிட்டபோது, இந்த இடத்தில் ஒலி பழுதாகிவிட்டதென்று எண்ணி இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். ராணுவக் குடும்பங்கள் நிறைந்த வெலிங்டனும் அருவங்காடும் அருகில் இருக்க, இனித் திரையிடுவோர் முன்கூட்டியே படத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். வால்டனின் இசையை மீட்டுச் சேர்த்த டிவிடி 2004-இலேயே வந்துவிட்டது. அந்த வடிவத்தையும் ஒருமுறை காட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வெலிங்டன், நீலகிரி.