தைப்பிங்கின் மழையைக் குறை சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில், அக்டோபர், நவம்பர் மாதங்களில் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தைப்பிங் பக்கம் போக வேண்டாம் என்று இளம் பயணிகளுக்குச் சொல்லப்பட்டிருந்த அறிவுரையைப் படித்து வருந்தினேன். சென்ற ஆண்டு நவம்பரில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போய், அந்த ஊரை நான்கு நாள் நடந்தே சுற்றிப் பார்த்தவள் நான். மழைக்காலத்தில் போனதால்தான் அந்த ஊர் எனக்குப் புரிந்தது.

தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் மிகுந்த மழை பெறும் நகரம் அதுவே. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்றை, நம் பெற்றோர் இன்றும் மேக்ஸ்வெல் மலை என்றே அழைக்கும் புக்கிட் லாருட்டும் அதை ஒட்டிய மலைத்தொடரும் தடுத்து மேலே ஏற்றுவதே இதற்குக் காரணம். வெயில் ஏறி, காற்று மேலெழுந்து, மேகம் திரண்ட பிறகே மழை வருவதால் அது பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டுகிறது. நான் இருந்த நான்கு நாளும் விடியலிலிருந்து நண்பகல் வரை ஒரு துளிகூட விழவில்லை. பயணப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இதுதான்.

அந்த ஊரின் வரலாறே தண்ணீரோடு பிணைந்தது. ஈய லம்பங்களுக்கு, அதாவது சுரங்கங்களுக்குப் போகும் நீரோடை யாருக்கு என்ற தகராறில்தான் ஹாய் சான், கீ ஹின் என்ற இரு சீனக் கூட்டத்தாருக்கும் இடையே 1861இல் முதல் லாருட் போர் மூண்டது. 1874இல் பிரிட்டிஷார் முன்னின்று செய்த பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே சண்டை ஓய்ந்து, 'பெரும் அமைதி' என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் ஊருக்கு வந்தது. ஈயம் தோண்டி எடுத்துக் கைவிட்ட பள்ளங்கள்தாம் 1880இல் ஏரிப்பூங்காவாயின. கரையோரத்து மழை மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளைகளை நீட்டி ஏரி நீரைத் தொடுகின்றன. தமிழ்நாட்டில் இவற்றைத் தூங்குமூஞ்சி மரம் என்பார்கள். வானம் இருண்டதும் அவை இலைகளை மடித்துக்கொள்வதை நின்று பார்த்தேன். அடுத்த கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

மழையில் எங்கே ஒதுங்குவது என்று உங்கள் வாசகர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய கடைவீடுகளின் முன்னால் தொடர்ந்து செல்லும் அஞ்சடி எனப்படும் கூரையிட்ட நடைபாதை அதற்காகவே கட்டப்பட்டது. ஒரு பிற்பகல் முழுவதும் நான் அஞ்சடியிலேயே கழித்தேன். மல்லிகைச் சரம் தொடுக்கும் அம்மாவும், சீன மருந்துக் கடைக்காரரும், மழை விடக் காத்திருந்த மலாய்ப் பாட்டி ஒருவரும் மலாய் மொழியில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நனைந்திருந்த என்னைப் பார்த்து அந்தப் பாட்டி தம் முக்காலியில் நகர்ந்து இடம் கொடுத்தார். வெயில் நாளில் அந்த மூவரும் அவரவர் வேலையில் இருந்திருப்பார்கள். நானும் படம் எடுத்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் அஞ்சடியில் சரக்குப் பெட்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் அடைத்து வைத்திருப்பதால், முதியவர்கள்கூடக் கொட்டும் மழையில் சாலையில் இறங்கி நடக்க நேர்கிறது. கடைக்காரர்கள் அந்த வழியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நமக்கு அந்த ஊரில் உறவும் உண்டு. நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து இன்று கோலா செப்பெத்தாங் எனப்படும் போர்ட் வெல்ட் வரை, ஏறக்குறைய 13 கிலோமீட்டருக்குத் திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் அதை அமைப்பதில் உழைத்தார்கள். மலை அடிவாரத்தில் உள்ள இரண்டாம் உலகப் போர்க் கல்லறையில், சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்களும் எதிர்ப்பக்கம் இந்திய இராணுவத்தின் இந்து, முஸ்லிம் வீரர்களும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெயர் அறியப்படாதவர்களின் கற்களே அங்கு மிகுதி. காலை ஈரத்தில் அந்த வரிசைகளுக்கிடையே நடந்தபோது என்னால் எளிதில் வெளியேற முடியவில்லை.

எச்சரிக்கை தேவைப்படும் இடம் மலையோரத்து ஆறுகளும் அருவிகளும்தான். ஊரில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்தால் 'கெப்பாலா ஆயர்' என்னும் திடீர் வெள்ளம் சில நொடிகளில் இறங்கிவிடும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, உடைமைகளை விட்டுவிட்டு உடனே கரையேற வேண்டும். கனமழை பெய்த மறுநாள் மலைப்பாதையில் தனியாக ஏறுவதும் கூடாது.

ஆகவே, போக வேண்டாம் என்ற அந்த அறிவுரையைத் திருத்தி, காலையில் நடந்து பிற்பகலில் அஞ்சடியில் ஒதுங்குவது பற்றியும், கெப்பாலா ஆயரின் அறிகுறிகள் பற்றியும் அடுத்த பயணப் பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பலர் புறப்படும் முன்பே அது வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கிள்ளான்