வெள்ளம் வடிந்த இரண்டாம் வாரத்தில் யார் வருவார்கள்?

ஆசிரியருக்கு,

வெள்ளப் பகுதிகளில் மருத்துவமனைகள் நடத்தும் இலவச முகாம்களைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பாராட்டு தகும். ஆனால் பல முகாம்கள் முதல் மூன்று நாளிலேயே பந்தலைப் பிரித்துவிடுகின்றன. வெள்ளநீரில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் தலைகாட்டப் பெரும்பாலும் ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். பத்து டாக்டர்கள் ஒரே நாளில் போய்க் குவிவதைவிட, இருவர் இருவராக முறை வைத்து மூன்று வாரம் போனால் பலன் அதிகம்.

முதல் நாட்களில் உண்மையான அவசரம் சளி மாத்திரைக்கு அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய் மருந்துகளுக்கு. மாத்திரையோடு மருந்துச் சீட்டும் தண்ணீரில் போயிருக்கும். வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் வலிப்பு திரும்பிவிடும். இன்சுலினை ஐஸ்கட்டிமேல் நேரடியாக வைத்துக் கொண்டுபோவது அடிக்கடி நடக்கும் தவறு. உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். நடுவே கனத்த துணியோ அட்டையோ வேண்டும்.

எலிக்காய்ச்சல் தடுப்புக்கு, தண்ணீரில் இறங்கியாக வேண்டியவர்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 200 மி.கி. வாரம் ஒருமுறை தரப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கூடாது. வரிசையில் நிற்பவரிடம் வெறும் வயிற்றில் விழுங்கச் சொன்னால் குமட்டும். அடுத்த வாரம் அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். சாப்பிட்டபின், டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓஆர்எஸ்ஸின் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிஞ்சிக் குழந்தைக்கு ஆபத்து. பொட்டலத்தோடு ஒரு லிட்டர் பாட்டிலையும் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். குளோரின் மாத்திரையைக் கலங்கல் நீரில் போட்டால் சேறே குளோரினைத் தின்றுவிடும். தெளியவைத்து வடிகட்டியபின் போட வேண்டும். வெள்ளநீர் பட்ட ஆழமான காயத்தை உடனே தைத்தால் உள்ளே சீழ் கோக்கும். கழுவி, திறந்தே கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டு, சில நாள் கழித்துத் தைப்பதே முறை. தைக்க வேண்டிய அன்று முகாம் அங்கே இருக்க வேண்டுமே!

நன்கொடை மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. கத்தரித்த மாத்திரை அட்டைகளில் பெரும்பாலும் காலாவதித் தேதி இருப்பதில்லை. அவற்றைப் பிரித்தெடுக்கவே இரண்டு செவிலியரின் ஒரு நாள் போய்விடும். அனுப்புவோர் முழு அட்டையாக, ஒரு வருடமாவது மிச்சமுள்ளதாக அனுப்பட்டும்.

கொடுத்த மருந்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு நோயாளி கையிலேயே கொடுங்கள். அடுத்து வரும் டாக்டருக்கு அதுதான் கேஸ் ஷீட்.

— மருத்துவமனைத் தன்னார்வக் குழுவினர்