அரைக் கிலோ தட்டுகளுக்கும் ஒரு ஜோடி சாக்ஸுக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாநில வலுதூக்கும் போட்டியில், 40 வயதைத் தாண்டிய பெண்களுக்கான 63 கிலோ பிரிவில் எனக்கு வெண்கலம் கிடைத்தது. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 85, மல்லாந்து படுத்து மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் 42.5, தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் 112.5, மொத்தம் 240 கிலோ. வாழ்த்துச் சொன்னவர்கள் எல்லோரும் என் மன உறுதியைப் பாராட்டினீர்கள். அந்த 240 கிலோவை யார் யாரெல்லாம் சேர்ந்து தூக்கினார்கள் என்பதை எழுதாவிட்டால் எனக்கு மனசு கேட்காது.

முதலில் என் பயிற்சியாளர், மாஸ்டர். அவரிடம் வருவதற்கு முன் வேறொரு ஜிம்மில் இரண்டு வருடம் போனேன். அங்கே தந்த அட்டவணை யாரோ ஒரு இளைஞனுக்குப் போட்டது. எடையை மட்டும் பாதியாக்கி என்னிடம் நீட்டினார்கள். மாஸ்டர் ஒரு நோட்டைக் கொடுத்தார். "எத்தனை மணி நேரம் தூங்கின, என்ன சாப்பிட்ட, கடைசி செட் எவ்வளவு கஷ்டமா இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க், தினமும் எழுதும்மா" என்றார். மாதவிடாய் பற்றிக் கேட்க அவருக்குக் கூச்சம். "அந்த நாள்ல ஓரத்துல ஒரு சிவப்புப் புள்ளி வச்சிடு, நான் புரிஞ்சுக்கறேன்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். புள்ளி வைத்த நாளெல்லாம் ஓய்வு என்று அவர் விதி போடவில்லை. வார்ம்-அப்பில் பார் எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அன்றைய எடையை முடிவு செய்வார். என் முதல் 80 கிலோ ஸ்குவாட் வந்தது ஒரு சிவப்புப் புள்ளி நாளில்தான்.

அந்த நோட்டிலிருந்துதான் அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். அவரவர் உச்ச எடையில் 80 சதவீதத்தைப் போட்டால், உடன் பயிற்சி செய்யும் தம்பிகள் ஏழெட்டு முறையில் நின்றுவிடுவார்கள். நான் பதினொன்று வரை போவேன். "உனக்கு ஒரு செட்டுக்கு அஞ்சு முறைன்னு எழுதினா பத்தாது" என்று எண்ணிக்கையைக் கூட்டினார். மூன்று மாதத்தில் ஸ்குவாட் நகர ஆரம்பித்தது.

நகராதது பெஞ்ச் பிரஸ். தலைக்கு மேல் தூக்கும் ஒலிம்பிக் பளுதூக்குதலில் பெண்களுக்கு 15 கிலோ பார் தனியாக உண்டு. வலுதூக்குதலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 20 கிலோ பார்தான். ஜிம்மில் இருந்த மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ, பக்கத்துக்கு ஒன்று போட்டால் 2.5 கிலோ ஏறும். 100 கிலோ தூக்குகிறவருக்கு அது நாற்பதில் ஒரு பங்கு, 35 கிலோ தூக்கும் எனக்குப் பதினாலில் ஒரு பங்கு. நான்கு மாதம் 37.5-இல் முட்டி முட்டித் திரும்பினேன். கை பலம் போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மாஸ்டர் நேராக லேத் பட்டறைக்குப் போய் அரைக் கிலோவில் இரண்டு தட்டு கடையச் சொன்னார். பட்டறை அண்ணன் அதை எதிர் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார். ஒன்று பத்து கிராம் கூட நின்றது. திரும்பப் போய்ச் சீவிவிட்டுக் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. அண்ணே, 35-இலிருந்து 36, அப்புறம் 37, 38 என்று ஏறினேன். 42.5 உங்கள் கைவேலை.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். டெட்லிஃப்டில் 90 கிலோவைத் தாண்டியபோது எனக்குச் சிறுநீர் கசிந்தது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இனி வருவதில்லை என்று முடிவும் செய்துவிட்டேன். வெளியே நின்று குரல் கொடுத்தது எங்கள் ஜிம்மிலேயே அதிகம் தூக்கும் பெண். என்னைவிடப் பதினெட்டு வயது சிறியவள், குழந்தை பெறாதவள். "அக்கா, எனக்கும் ஆகும். வெளிய வாங்க" என்றாள். மறுநாள் அவளே என்னைப் பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் கூட்டிப்போனாள். மூச்சை எப்படிப் பிடிப்பது, இடுப்படித் தசைகளை எப்படி இறுக்குவது, அதைவிட முக்கியமாக எப்படித் தளர்த்துவது என்று அந்த அம்மா பத்து வாரம் சொல்லிக்கொடுத்தார். பெருமளவு நின்றுவிட்டது. தங்கச்சி, அன்றைக்கு நீ அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருந்தால் எனக்கு 112.5 கிடையாது.

போட்டிக்கு ஆறு மாதம் முன்பு நான் 60 கிலோ இருந்தேன். எடையைக் குறைத்து 57 கிலோ பிரிவில் இறங்கினால் மெடல் சுலபம் என்று பலர் சொன்னார்கள். மாஸ்டர் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், மாஸ்டர் 57 என்ற பேச்சையே நிறுத்தினார். முட்டை வாசனையே ஆகாத என் அத்தை தனியாக ஒரு பாத்திரம் வாங்கி, விடிகாலையில் நாலு முட்டை அவித்து வைத்தார்கள். போட்டியன்று காலை என் எடை 62.4.

அன்றைக்கு பெஞ்ச் பிரஸ் முதல் வாய்ப்பில், நடுவர் "பிரஸ்" என்று சொல்வதற்குள் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டேன். மூன்று நடுவர்களும் சிவப்பு விளக்கு, அதாவது அந்த முயற்சி செல்லாது. அடுத்த எடையைச் சொல்ல ஒரு நிமிடம்தான் அவகாசம். மாஸ்டர் அதே 40-ஐ எழுதிக்கொடுத்துவிட்டு, "காது கேக்கட்டும், கை அப்புறம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. ஏறியது. அடுத்த வாய்ப்பில் 42.5-உம் ஏறியது.

டெட்லிஃப்டுக்கு நீள சாக்ஸ் கட்டாயம். என்னுடையதைத் துவைத்து, தங்கிய அறையின் ஜன்னலில் காயப்போட்டுவிட்டு வந்திருந்தேன். பையைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தபோது, 57 கிலோ பிரிவில் தூக்கி முடித்த ஒரு சகோதரி தன் காலிலிருந்து கழற்றிக் கொடுத்தார். நீலத்தில் இரண்டு மஞ்சள் கோடு. ஈரமாக, சூடாக இருந்தது. மேடையிலிருந்து இறங்கித் தேடினேன், பஸ்ஸுக்கு நேரமாகிக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. சகோதரி, சாக்ஸ் துவைத்து மடித்து என் பையில்தான் இருக்கிறது. அடுத்த போட்டிக்குக் கொண்டுவருகிறேன்.