சுக்கான் கன்ட்ரோலரை நம்ப மறுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று நாங்கள் மேசை போட்ட இடத்திலெல்லாம் வந்து கட்டையைப் பிடித்துப் பார்த்த எல்லோருக்கும் வணக்கம்.

படகுச் சுக்கானின் பிடி போல ஒரு கேம் கன்ட்ரோலர் என்றதும் பாதிப் பேர் சிரித்தீர்கள். மீதிப் பேர் "லேக் எவ்வளவு?" என்று, அதாவது கை அசைந்து எவ்வளவு நேரம் கழித்துத் திரையில் தெரியும் என்று கேட்டீர்கள். சிரித்தவர்களுக்கும் நன்றி உண்டு. ஆனாலும் இந்த மடல் கேட்டவர்களுக்குத்தான்.

முதல் நன்றி, ராமநாதபுரத்தில் கேமிங் சென்டர் நடத்தும் தம்பிக்கும் சாயங்காலம் அங்கே கூடும் பையன்களுக்கும். பேனரில் இருந்த "லேக் இல்லை" என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னது நீங்கள். அளக்கும் வழியையும் நீங்களே காட்டினீர்கள். போனை 240 பிரேம் ஸ்லோமோஷனில் வைத்து, கையும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுக்க வேண்டும். கட்டை அசைந்த பிரேமிலிருந்து திரையில் வண்டி திரும்பும் பிரேம் வரை எண்ண வேண்டும். ஒரு பிரேம் என்பது 4.17 மில்லி வினாடி. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி வினாடிக்கு ஒருமுறைதான் புதுப்படம் காட்டும் என்பதால் ஒரே தடவை எடுத்த எண்ணை நம்பக் கூடாது. 20 தடவை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். அந்த எண்ணில் கணினியும் கேமும் எடுத்துக்கொள்ளும் நேரமும் கலந்திருக்கும். அதனால் அதே கணினியில் சாதாரண கன்ட்ரோலரையும் அளந்து பக்கத்தில் போட்டால்தான் அர்த்தம். இப்படி எண்ணும்போதுதான் நிரலின் சுழற்சிக்குள் 10 மில்லி வினாடி சும்மா காத்திருக்கச் சொல்லும் 'டிலே' வரி ஒன்று மறந்து கிடந்தது அகப்பட்டது. அதை எடுத்துவிட்டோம். இப்போது 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை தகவல் போகிறது. பேனரில் வாசகம் எதுவும் கிடையாது. வெட்டாத அந்த வீடியோவுக்கான கியூஆர் மட்டும் இருக்கிறது. ஒரு இடத்தில் வெட்டினாலும் "எடிட் பண்ணிட்டாங்க" என்பீர்கள், தெரியும்.

அடுத்து, தடைக்காலத்தில் ஜெட்டி ஓரம் மேசை போட்டபோது வந்த மீனவ அண்ணன்மார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது என்பதால் ஆளுக்குக் குறைவில்லை. அங்கேதான் பெரிய சிக்கல் வெளிப்பட்டது. சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் கடலுக்குள் பலகை வலப்பக்கம் போகும், படகின் முகமும் வலப்பக்கம் திரும்பும். உங்கள் கைக்கு அதுதான் பழக்கம். கேம் ஆடும் பையன்களுக்கோ இடம் என்றால் இடம். ஒரே கருவியை இரண்டு கூட்டமும் பிடித்துவிட்டு "தப்பா ஓடுது" என்று போனதற்கு இதுதான் காரணம். கேம் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். அதனால் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து, ஒரு பக்கம் 'கடல்', மறு பக்கம் 'ரோடு' என்று எழுதினோம். இன்று மேசைக்கு வருபவர் முதலில் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பது அதைத்தான். விளம்பரத்துக்கு என்று நாங்கள் யோசித்த எதுவும் அந்தச் சுவிட்ச் அளவுக்கு வேலை செய்யவில்லை.

படகு கட்டும் தச்சரான ஓடாவி அண்ணனுக்குத் தனி நன்றி. பூவரசங்கட்டையில் பிடி செதுக்கித் தந்ததோடு, மழைக்காலத்தில் மரம் ஊதி அச்சைக் கவ்வும் என்று முன்கூட்டியே சொன்னவர் அவர். இடையில் நைலான் புஷ் (அச்சைச் சுற்றிய வளையம்) போட்டோம். இரும்புத் திருகாணியைப் பார்த்து "இது துருப்பிடிக்கும், பித்தளை போடு" என்றார். அந்த யோசனை எங்களுக்கு இரட்டை லாபம். அச்சின் முனையில் ஒரு காந்தம், அதற்கு எதிரே காந்தம் சுழன்ற கோணத்தை அளக்கும் ஏஎஸ்5600 சென்சார், இவ்வளவுதான் உள்ளே. பக்கத்தில் இரும்பு இருந்தால் அளவு கோணலாகும், பித்தளையால் அந்தத் தொல்லை இல்லை. சொந்தமாகச் செய்து பார்க்கிறவர்களுக்கு: காந்தம் விட்டத்தின் குறுக்கே வடக்கு தெற்கு பிரிந்ததாக இருக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மேல் கீழ் பிரிந்த வில்லையை வைத்தால் சுழற்சி தெரியாது. இடைவெளி 0.5 முதல் 3 மில்லிமீட்டருக்குள். ஒரு முழுச் சுற்றுக்கு 4096 படி என்பதால், எங்கள் 70 டிகிரி வீச்சுக்கு ஏறத்தாழ 796 படி கிடைக்கிறது. உரசும் பாகம் இல்லாததால், வால்யூம் திருகு மாதிரியான பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்து வரும் டிரிப்ட், அதாவது கை வைக்காமலே வண்டி தானே திரும்பும் கோளாறு, இதில் வராது.

உப்புக் காற்றுக்கு போர்டு முழுக்க காப்புப் பூச்சு அடிக்கச் சொல்லி, யூஎஸ்பி வாயை மட்டும் டேப் ஒட்டி மறைக்கச் சொன்ன மொபைல் சர்வீஸ் கடைக்காரருக்கும் நன்றி. போனில் ஓடவில்லை என்று வந்தவர்களின் குழப்பத்தைத் தீர்த்தவரும் அவரே. சில போன்களில் ஓடிஜியை (போனில் யூஎஸ்பி கருவியை இணைக்கும் வசதி) செட்டிங்கில் தனியாக ஆன் செய்ய வேண்டும். சும்மா இருந்தால் 10 நிமிடத்தில் தானே அணைந்துவிடும்.

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர், கையுறை வடிவில் வந்த பழைய கேம் கன்ட்ரோலரை நினைத்து, "பவர் குளோவ் கதைதானே?" என்று கேட்டார். 1989இல் வந்த அந்தக் கையுறைக்கென்றே வெளியான கேம்கள் இரண்டுதான். மற்ற கேம்களில் சாதாரண கன்ட்ரோலர்தான் சுகமாக இருந்தது. கையை அசைத்து ஆடும் நின்டெண்டோவின் வீ (Wii) கேம் கருவி 2006இல் வந்தபோது, ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற கேமும் இருந்தது. கையில் எடுத்ததும் என்ன செய்வது என்று கேட்கத் தேவையில்லை. காக்காவின் கேள்விக்குப் பிறகு எங்கள் பெட்டியின் மேல் இரண்டு வரி சேர்ந்தது: "வண்டி, பஸ், படகு ஓட்ட நல்லது. சுடும் கேமுக்கு வாங்காதீர்கள்." விற்பனை போய்விடும் என்று பயந்தோம். அந்த வரியைப் படித்தபிறகே பலர் பர்ஸை எடுத்தார்கள்.

தமிழ்நாட்டு பஸ் மாட் (கேமில் சேர்க்கும் கூடுதல் வண்டி) போட்டு யூரோ டிரக் சிமுலேட்டர் 2 ஆடும் தங்கச்சிமடத்துப் பிள்ளைகளுக்கு: நீங்கள் சொன்ன செட்டிங்கையே கையேட்டில் அச்சிட்டிருக்கிறோம். முழுத் திருப்பமும் 70 டிகிரிக்குள் அடங்குவதால், ஸ்டீயரிங் நான்-லீனியாரிட்டியை (நடுவில் கொஞ்சம் அசைத்தால் குறைவாகத் திருப்பும் செட்டிங்) பாதிக்கு ஏற்றாவிட்டால் வேகத்தில் பஸ் துள்ளும். டெட்ஜோன், அதாவது நடுவில் அசைத்தாலும் கேம் கண்டுகொள்ளாத இடம், குறைவாகப் போதும். சோதனை ஓட்டத்தில் முதல் சுற்றைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த மூன்றை மட்டும் அவரவர் பழைய கன்ட்ரோலரோடு ஒப்பிட்டு சிலேட்டில் எழுதும் முறையும் உங்களுடையது. எங்கள் கட்டை தோற்ற சுற்றுகளையும் அழிக்காமல் வைக்கச் சொன்னீர்கள். அப்படியே இருக்கிறது.

டீக்கடை அண்ணே, பிளாஸ்டிக் மேசை வளைந்து கொடுக்கிறது, கட்டையே தொளதொளவென்று தோன்றுகிறது என்று கண்டுபிடித்து, உள்ளே இருந்த மரப் பெஞ்சைத் தூக்கிப் போட்டீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி. கட்டையைப் பலகையோடு இறுக்க இரண்டு ஜி-கிளாம்ப், குறைந்தது 18 மில்லிமீட்டர் பலகை. இது இல்லாமல் யாரிடமும் காட்டுவதில்லை.

முதல் தொகுப்பில் வாங்கியவர்களிடம் இருப்பது அந்தப் பழைய 10 மில்லி வினாடி நிரல். கொண்டுவாருங்கள், புது நிரலை நின்ற இடத்திலேயே ஏற்றித் தருகிறோம், காசு வேண்டாம். வரும்போது உறையில் இருக்கும் உபரி ஸ்பிரிங்கையும் எடுத்துவாருங்கள், அதையும் மாட்டிவிடுகிறோம்.