பாப்பாவுக்குத் தெபொராள் என்றே வை

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

பாப்பா போட்டோ பார்த்தேன். மூக்கு அப்படியே அத்தான்தான், நீ மறுக்கவே முடியாது. நான் சுகமாக இருக்கிறேன். இங்கே இஸ்ரேலில், ஹைஃபாவில் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஓய்வுநாளுக்காகக் கடையெல்லாம் அடைத்துவிடுவார்கள், அதனால் அரிசி, பால் எல்லாம் வியாழக்கிழமையே வாங்கி வைத்துவிடுகிறேன், மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் தெபொராள் என்ற பேருக்கு அர்த்தம் கேட்டுச் சொல்லச் சொன்னாயே, அதற்கு நான் வீட்டைவிட்டு வெளியே போகவே வேண்டாம், நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் பேரே அதுதான். இங்கே 'துவோரா' என்கிறார்கள். தேனீ என்று அர்த்தம், சுற்றிவளைத்து வேறு ஒன்றும் இல்லை. ஜன்னலில் தேனீ வந்து முட்டினாலும் துவோரா, பாட்டியைக் கூப்பிட்டாலும் துவோரா. எபிரெயத்தில் ப, வ என்ற இரண்டு சத்தத்துக்கும் ஒரே எழுத்து என்பதால் அவர்கள் 'வோ' என்பது நம் வேதாகமத்தில் 'பொ' ஆகியிருக்கிறது. கடைசியில் வரும் 'ள்' நம் ஆட்கள் ஒட்டியது, சாராள், அன்னாள், ரெபெக்காள் எல்லாம் அப்படித்தானே. பேச்சு என்ற சொல்லுக்கும் அதே மூன்று மெய்யெழுத்துகள்தான். பாட்டி பேசுகிற பேச்சுக்கு இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் படித்தவர்களில் சிலர் அதை ஒத்துக்கொள்வதில்லை.

பூச்சிப் பேரையா பிள்ளைக்கு வைப்பது என்று அத்தை முகத்தைச் சுளிப்பார்கள், தெரியும். நியாயாதிபதிகள் 4-ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடு. அதில் வரும் தெபொராள் பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்த்தவள், கானானியரின் சேனாபதி சிசெராவின் 900 இருப்பு ரதங்களுக்கு எதிராகப் போ என்று இஸ்ரவேலனான பாராக்கை அனுப்பினவள். நீ வந்தால்தான் போவேன் என்று அந்த ஆம்பிளை சொன்னதையும் அத்தைக்கு வாசித்துக் காட்டு. இதில் ஒரு வேடிக்கை, பாராக் என்றால் மின்னல், அவள் புருஷன் லபிதோத்தின் பேருக்குத் தீவட்டிகள் என்று அர்த்தமாம். சிசெராவின் சேனையை அடித்துக்கொண்டுபோன கீசோன் நதி இங்கே ஹைஃபா வளைகுடாவில்தான் கடலில் கலக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். சுற்றிலும் தொழிற்சாலை, தாமிரபரணியில் கால்வாசிகூடத் தேறாது. இதிலா அத்தனை ரதமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் வேறு மாதிரி இருக்குமாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்தத் தெபொராள் இல்லை. ஆதியாகமம் 35-இல் ஒருத்தி வருகிறாள் பார், ரெபெக்காளின் தாதி. ஒரே ஒரு வசனம்தான். செத்துப்போகிறாள், பெத்தேலுக்குக் கீழே ஒரு கர்வாலி (ஓக்) மரத்தடியில் அடக்கம் பண்ணுகிறார்கள், அந்த மரத்துக்கே அழுகையின் மரம் என்று பேர் வந்துவிடுகிறது. அடுத்தவர் வீட்டில் வேலை செய்தவளுக்காக ஒரு குடும்பமே அழுதிருக்கிறது. நானும் அதே வேலையில் இருப்பதால் இந்த வசனத்தைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை, பாட்டியிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார், உடனே மாத்திரை எங்கே என்று கேட்டார்.

இங்கே இப்போது பிறக்கிற பெண்பிள்ளைகளுக்கு நோவா (பேழை செய்த நோவா இல்லை, இது பெண் பேர்), தாமார், மாயா என்றுதான் அதிகம் வைக்கிறார்கள். துவோரா பாட்டிமார் பேர். அதனால் என்ன, நம் ஊரில் அந்தக் கவலை கிடையாது. அப்புறம் இன்னொன்று, பெத்ஸான் பள்ளத்தாக்கில் தெல் ரெஹோவ் என்ற இடத்தில் தோண்டியபோது களிமண்ணும் வைக்கோலும் கலந்து செய்த தேனீக்கூடுகள் வரிசையாகக் கிடைத்தன, 2007-இல் அறிவித்தார்கள், ஏறக்குறைய 2,900 வருஷத்துக்கு முந்தியவை. அத்தானுக்கு இந்த மாதிரி விஷயம் பிடிக்கும், சொல்லு.

என் ஓட்டு தெபொராளுக்குத்தான். வைப்பதாக இருந்தால் தெபோராவா தெபொராளா என்று முதலில் முடிவு பண்ணு. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, சபைப் பதிவேட்டில் ஒன்று என்று எழுதிவிட்டால் பிற்பாடு பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டியது அவள்தான்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி