பவர் ஏற்றக் கேட்கும் நண்பர்களுக்கு: பட்டறையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் தை, மாசி மாதங்களில் நம் பட்டறை வாசலில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஆர்எக்ஸ் 100தான் அதிகம். இடையிடையே ஒரு யெஸ்டி, எப்போதாவது ஒரு ராஜ்தூத் 350. எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பவர் ஏற்ற முடியுமா, எவ்வளவு ஆகும்?

இந்த ஆண்டு கேள்வியோடு ஒரு குறையும் சேர்ந்து வந்திருக்கிறது. "வண்டியை விட்டுப் பத்து நாளாகியும் சிலிண்டர் பிளாக்கில் அரம் படவில்லை, சோதனை என்று சொல்லி முதல் பில்லை நீட்டிவிட்டார்கள்" என்று இரண்டு மூன்று பேர் வருத்தப்பட்டதாகக் காதுக்கு வந்தது. கோபம் நியாயமானதுதான். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று நாங்கள் யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்வோம். 98 சிசி எஞ்சின், நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. கடைசியாக வெளிவந்த வண்டிக்கே முப்பது வயது ஆகிறது. பதினொன்றைப் பதினான்காக்கிக் கொடுங்கள் என்று கேட்கிறீர்கள். உங்கள் வண்டியில் இன்று அந்தப் பதினொன்று இருக்கிறதா என்று நாங்கள் முதலில் பார்க்கிறோம். பெரும்பாலும் இருப்பதில்லை. எட்டாகத் தேய்ந்த எஞ்சினுக்குப் போர்ட் வேலை (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் துளைகளை அரத்தால் திருத்துவது) செய்வது, கரை உடைந்த வாய்க்காலுக்கு மதகை அகலப்படுத்துவது போன்றது.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் அறைதான் பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே இழுபடும், கீழே வரும்போது அழுத்தப்பட்டு டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே ஏறும். இந்தப் பம்பில் ஊசித் துளை இருந்தாலும் கணக்கு எல்லாம் பிசகிவிடும். மேக்னெட்டோ பக்கத்து சீல் கசிந்தால் வெறும் காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் கசிந்தால் கியர் ஆயிலை எஞ்சின் குடித்து வெள்ளைப் புகை கக்கும். அதனால் எந்த வண்டி வந்தாலும் கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, ஆறு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை ஏற்றி, ஐந்தாறு நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கிறோம். இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று தேடுகிறோம். பிறகு கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் தகடு நுனி படிந்து உட்காருகிறதா, பிளாக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சைலன்சரில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். நீங்கள் கேட்ட பத்து நாளில் பாதி இதற்கே போய்விடுகிறது.

மன்னார்குடிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் வண்டி அறுபதைத் தாண்டவில்லை, போர்ட்டைப் பெரிதாக்குங்கள் என்றார். எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கடைசியில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை. பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருந்தது. அன்று எங்களுக்குக் கிடைத்தது ஒரு காபியும் ஒரு சிரிப்பும்.

இனி சைலன்சர். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே சத்தத்தை அடக்கும் பஃபிளை உருவி எறிந்துவிட்டால், அல்லது பின்பாதியை அறுத்துவிட்டால் பவர் கூடும் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. கூடுவது சத்தம் மட்டும்தான். டூ ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் புகைப்போக்கி இல்லை. எஞ்சினுக்கு வெளியே மாட்டியிருக்கும் எஞ்சின் பாகம் அது. எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. விரிந்துகொண்டே போகும் கூம்பை அது அடையும்போது அங்கிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்து, புதுக் கலவையையும் மேலே வரச் செய்கிறது. அந்த இழுப்பில் கொஞ்சம் புதுக் கலவை சைலன்சருக்குள்ளேயே போய்விடும். அதற்குள் முதல் அலை கடைசியில் குறுகும் கூம்பில் மோதி அழுத்தமாகவே திரும்பி வந்து, வெளியே போன கலவையைப் போர்ட் மூடுவதற்குச் சற்று முன்பு மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். கதவைச் சாத்துகிற நேரத்தில் விருந்தாளியை உள்ளே தள்ளுவது போல.

இதெல்லாம் எவ்வளவு நேரத்தில்? 7,500 சுற்றில் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் எட்டு பங்கு. போர்ட் திறந்திருப்பது அதில் பாதிக்கும் குறைவு. சூடான புகையில் அலை ஏறக்குறைய விநாடிக்கு 500 மீட்டர் போகும். அந்த நேரத்துக்குள் அலை போய்த் திரும்பி வர வேண்டும் என்றால் குழாய் எவ்வளவு நீளம், எந்தக் கூம்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதெல்லாம் கணக்குத்தான். அதை வெல்டிங் கடையில் கண்ணளவில் வெட்டினால் என்ன ஆகும்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை நாதஸ்வரம் வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே போய்ப் பாருங்கள்: வாயில் அதிரும் சீவாளி, மெல்ல விரியும் கூம்பு, கீழே அகன்ற அணசு. நம் எஞ்சினிலும் ஒரு பக்கம் அதிரும் ரீட், மறுபக்கம் கூம்பு. திமிரி என்ற வகை நாதஸ்வரம் குட்டையாக இருப்பதால் சுருதி உயரம். பாரி என்ற வகை நீளமாக இருப்பதால் சுருதி தாழ்வு. சைலன்சரும் அப்படியே: குட்டையாக்கினால் அதிகச் சுற்றில்தான் இழுக்கும், நீட்டினால் குறைந்த சுற்றில் இழுக்கும். ஒரே ஒரு வித்தியாசம். நாதஸ்வரத்தில் விரல் துளைகள் இருக்கின்றன. சைலன்சருக்கு ஒரே சுருதிதான். அந்தச் சுருதிக்கு வெளியே அலை தவறான நேரத்தில் வந்து காலை வாரும்.

இந்த வித்தையை முழுதாக வசப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் காடன். சைலன்சருக்குள் ஓடும் அலையை ஆஸிலோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வடிவத்தைத் திருத்தினார். 1961-இல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அந்த ஆண்டே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டு சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. தப்பியவரோடு அந்த ரகசியமும் போயிருக்கிறது.

காடனின் வண்டிக்குத் திறந்த பந்தயப் பாதை இருந்தது. உங்கள் வண்டிக்கு என்ன இருக்கிறது? குடமுருட்டிக் கரை, அரசலாற்றுக் கரை, பின்னால் நாற்பது கிலோ நெல் சிப்பம் இரண்டு. அங்கே உங்களுக்கு வேண்டியது மூவாயிரம், நாலாயிரம் சுற்றில் கிடைக்கும் இழுவை. பந்தயச் சைலன்சர் மாட்டினால் அந்த இடத்தில் வண்டி செத்த மாதிரி நிற்கும். கிளட்சை அரைப்பிடியில் வைத்து அலற வைத்தால் திடீரென்று பாயும், கரையில் சிப்பம் மட்டும் கிடக்கும். ராஜ்தூத் 350-ஐச் செய்தவர்களே முதலில் 30.5 குதிரைத்திறனில் விற்றதைப் பிறகு 27-ஆகக் குறைத்து இன்னொரு மாதிரியாகவும் விற்றார்கள். அதே 347 சிசி எஞ்சின்தான். நம் நாட்டில் மைலேஜ் கேட்பவர்களே அதிகம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போர்ட் வேலையைப் பற்றி என் சொந்தத் தவறைச் சொல்லியே ஆக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இளைஞரின் பிளாக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டைக் கண்ணளவில் உயர்த்தி, அகலத்தையும் தாராளமாகக் கூட்டினேன். ஓரத்தை மழுக்க மறந்தேன். முந்நூறு கிலோமீட்டர் போவதற்குள் ரிங் போர்ட்டில் மாட்டி நொறுங்கியது. பிளாக்கும் பிஸ்டனும் என் கணக்கில் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கிராங்கின் கோணத்தை அளக்கும் டிகிரித் தகடும் பிஸ்டனின் நகர்வை அளக்கும் டயல் கேஜும் வாங்கினேன். 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினில் போர்ட்டின் மேல்விளிம்பை ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அது திறந்திருக்கும் காலம் ஏறத்தாழ நாலரை டிகிரி கூடுகிறது. கேட்க அற்பமாக இருக்கும். வண்டியின் குணமே மாறப் போதுமானது அது. உயர்த்திய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அரம் எடுத்தால் எடுத்ததுதான்.

அதனால் சாலையில் ஓட்டும் வண்டிக்கு நாங்கள் போர்ட்டை உயர்த்துவதில்லை. வார்ப்படத்தில் இருக்கும் மேடு பள்ளத்தைச் சீராக்குவது, பிளாக்கும் கிராங்க் கேஸும் சேரும் இடத்தில் டிரான்ஸ்ஃபர் வாய்கள் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வது, ஓரங்களை மழுக்குவது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம். தலையில் பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஈயக்கம்பியை நசுக்கி அளந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவோம். ஹெட்டை இஷ்டத்துக்கு லேத்தில் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றச் சொல்லாதீர்கள். சித்திரை வெயிலில் தட்டல் தொடங்கி, பிஸ்டன் தலையில் எலி கொறித்த மாதிரிக் குழிகள் விழுந்திருக்கும்.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் விஷயம் இப்போது முன்பைவிட முக்கியம். பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆக, பழைய ஜெட்டோடு ஓடும் வண்டியின் கலவை தானாகவே மெலிந்திருக்கிறது. அதோடு புதுச் சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் சேர்ந்தால் பிஸ்டன் பிடிக்க ஒரு கும்பகோணம்–தஞ்சாவூர் ஓட்டம் போதும். மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு எண் ஏற்றி, முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று நிறுத்திப் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்போம். நல்ல டிகிரி காபி நிறம் வந்தால் விட்டுவிடுவோம். இன்னொன்று: பாதுகாப்பு என்று நினைத்து பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் அதே ஜெட்டில் பெட்ரோல் குறைகிறது, கலவை இன்னும் மெலிகிறது. லிட்டருக்கு 20 மில்லி ஊற்றினால் ஐம்பதுக்கு ஒன்று, 40 மில்லி ஊற்றினால் இருபத்தைந்துக்கு ஒன்று. உங்கள் வண்டிக்கு எது என்று சொல்லி அனுப்புகிறோம், அதையே பின்பற்றுங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நாகை, வேதாரண்யம் பக்கத்து நண்பர்கள் அடைமழையில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை வடித்துவிடுங்கள்.

சட்டமும் ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 98 சிசி வண்டியில் 132 சிசி பிளாக்கை மாட்டித் தரச் சொல்பவர்களுக்கு எங்கள் பதில் முடியாது என்பதே. பந்தயம்தான் ஆசை என்றால் தனி எஞ்சின் செய்வோம், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

விசைத்தெளிப்பான் கொண்டுவரும் விவசாயிகளுக்கு: ஐப்பசி முதல் மார்கழி வரை உங்கள் எஞ்சின்தான் முதலில். புகையான் பூச்சி விழுந்த வயலுக்கு மருந்தடிக்க நாள் கணக்கு உண்டு, ஆர்எக்ஸுக்கு அது இல்லை. அந்தச் சின்ன எஞ்சினுக்கும் பவர் ஏற்றச் சொல்லி ஒருவர் வந்தார். கரி எடுத்து, கார்புரேட்டர் டயஃப்ரம் மாற்றிக் கொடுத்தோம். இப்போது தோளில் நிற்கவில்லை, தள்ளுகிறது என்கிறார்.

பங்குனி முதல் வாரத்திலிருந்து புது வரிசை தொடங்குகிறது. வண்டியை விடும்போது ஆர்சி புத்தக நகல், நீங்கள் ஊற்றும் ஆயில் டப்பா, கழற்றிப்போட்ட பழைய சைலன்சர் இருந்தால் அது, இவற்றைக் கொண்டுவாருங்கள். பிளக்கைத் துடைத்துவிட்டு வர வேண்டாம். வண்டியைக் கழுவியும் வர வேண்டாம், எங்கே ஆயில் கசிகிறது என்று அந்த அழுக்குதான் காட்டும். சோதனை முடிந்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன இருக்கிறது என்று சொல்வோம். சீல் மாற்றினாலே போதும் என்றால் சீலுக்கு மட்டும் பில் போடுவோம்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளரும் பணியாளர்களும்
ஆடுதுறை