மரவீடும் மூன்று பாத்ரூமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

குடும்பத்தோடு மறுபடியும் டிஸ்னி போனால் எங்கே தங்கலாம் என்று ஐந்து இடங்களை அனுப்பி நேற்று நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் தட்ட ஆரம்பித்தேன். என் கட்டைவிரல் வலிதான் மிச்சம். அதனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உங்கப்பா பின்னால் நின்றுகொண்டு, பாதி சரியும் பாதி தப்புமாகத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரியானதை மட்டும் எழுதுகிறேன்.

“சின்ன வயசுல ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டுல தங்கினோமே, அந்த மரவீட்டை மேப்ல தேடினேன், அது மாதிரியே ஒண்ணு இருக்கு, ஆனா அது இல்ல போலிருக்கே” என்று எழுதியிருந்தாய். உன் கண் சரிதான். அது அது இல்லை. நாம் தங்கியதை இடித்துவிட்டார்கள். அதே காட்டில், அதே எட்டு மூலை வடிவத்தில், அதே 60 என்ற எண்ணிக்கையில் புதிதாகக் கட்டி 2009 ஜூனில் திறந்தார்கள். இப்போது அது சரட்டோகா ஸ்பிரிங்ஸ் ரிசார்ட்டின் ஒரு பகுதி. பழையது 1975இல் கட்டியது. நாம் போன 1994இல் அந்த இடத்துக்கு வில்லேஜ் ரிசார்ட் என்று பெயர். அப்புறம் இரண்டு வருஷத்தில் டிஸ்னி இன்ஸ்டிடியூட் என்று ஆக்கி, சமையல், புகைப்படம் என்று பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். அதுவும் நிற்கவில்லை. கடைசிக் காலத்தில் மரவீடுகளில் விருந்தாளிகளே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள்தான் தங்கியிருந்தார்கள்.

அந்த வருஷம் நாம் ஏன் அங்கே போய்த் தங்கினோம் என்று உனக்குத் தெரியாது. ஆசைப்பட்டெல்லாம் இல்லை. அப்பத்தா ஆறு மாதம் இருக்க வந்திருந்தார்கள். நாம் ஐந்து பேர். ஹோட்டல் அறை என்றால் பெரும்பாலும் நான்கு பேர் கணக்கு. மூன்று வயதுக்குள் இருக்கிற குழந்தையைத்தான் கணக்கில் சேர்க்காமல் விடுவார்கள். தம்பிக்கு அப்போது ஐந்து. இரண்டு அறை எடுத்தால் அப்பத்தா ஒன்றில் தனியாக இருக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய விஷயம், ரசம் இல்லாமல் அவர்களுக்கு ஒரு வேளை இறங்காது. அடுப்பு உள்ள இடம் எது என்று உங்கப்பா போன் மேல் போன் போட்டுக் கேட்டுப் பிடித்ததுதான் மரவீடு. அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். டிக்கியில் துணிப்பெட்டியைவிட அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் டப்பாதான் அதிகம்.

உனக்கு அந்தச் சுருள்படி ஞாபகம் இருக்கும். மேலே எட்டு மூலையில் கூடம், சமையல்கட்டு, இரண்டு படுக்கையறை. கூடத்திலிருந்து அந்தப் படியில் இறங்கினால் கீழே ஒரு அறை, பக்கத்தில் துணி துவைக்கிற மெஷின். நீயும் தம்பியும் கீழறைதான் வேண்டும் என்று அடம்பிடித்து இறங்கினீர்கள். ராத்திரி பத்து மணிக்கு ஏதோ சத்தம் என்று இரண்டு பேரும் தலையணையோடு மேலே ஓடிவந்தீர்கள். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் நீங்கள் கேட்காமலேயே கூடத்தில் பாய் மாதிரி போர்வையை விரித்துவைத்துவிட்டேன்.

சத்தம் போட்டது ஆர்மடில்லோ. காலையில் இருட்டு பிரியும்போது கீழே இலைச்சருகைக் கிளறிக்கொண்டிருந்ததை அப்பத்தாதான் முதலில் பார்த்தார்கள். “ஏத்தா, நம்ம ஊரு அழுங்கு இங்க எப்படி வந்துச்சு?” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். உடம்பெல்லாம் ஓடு போட்டிருந்தால் அவர்களுக்கு எல்லாம் அழுங்குதான். அவர்கள் அந்த வாரம் முழுக்க வெளித்திண்ணையை விட்டு நகரவில்லை. டெக் என்று நீங்கள் சொல்வதை அவர்கள் திண்ணை என்றே சொன்னார்கள். சாப்பிடும் முன்னால் காக்கைக்கு ஒரு பிடி சோறு கைப்பிடிச் சுவரில் வைப்பார்கள், அணில் வந்து தின்றுவிட்டுப் போகும். வைக்கக் கூடாது என்று உங்கப்பா சொல்லிப் பார்த்தார். அவருடைய அம்மா, நான் வாயே திறக்கவில்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேட்டுச் சத்தம் கேட்குமே, அது நினைவிருக்கிறதா? பக்கத்திலிருந்த பிளெஷர் ஐலண்டில் தினமும் புத்தாண்டு கொண்டாடுவார்கள், தினமும் வாணவேடிக்கை. “தெனமும் தீவாளி கொண்டாடுற ஊரா இது, வேலைவெட்டிக்குப் போக மாட்டாகளா?” என்று அப்பத்தா கேட்டது இன்றைக்கும் நம் வீட்டில் ஓடுகிறது. தினசரிப் புத்தாண்டை 2005 கடைசியோடு நிறுத்தினார்கள், 2008இல் அங்கிருந்த கிளப்புகளையும் மூடிவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் மணல் ஒட்டிய காலோடு திரும்பி வந்து கார்ப்பெட்டை நாசம் பண்ணினீர்களே, ரிவர் கன்ட்ரி, 1976இல் திறந்த அந்த நீச்சல் இடம், அதுவும் 2001க்குப் பிறகு திறக்கவே இல்லை. ஆக நீ பேத்திக்கும் பேரனுக்கும் காட்டலாம் என்று நினைத்துவைத்திருக்கிற பட்டியலில் பாதி இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் நின்றுகொண்டு முகத்தைத் தொங்கப்போடாதே.

இனி நீ அனுப்பிய ஐந்து இடங்களுக்கு வருகிறேன். மொத்தம் ஒன்பது தலை. நீ, மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள், தம்பி, மருமகள், அவர்கள் குட்டி, நாங்கள் இரண்டு பேர்.

ஹோட்டலில் பக்கத்துப் பக்கத்து அறைகள் மூன்று, நடுவில் கதவு, என்பதை முதலில் அடித்துவிடு. 2007இல் தம்பி காலேஜ் போகும் முன்னால் நாம் போனோமே, அந்த ஹோட்டல் பெயரை நான் எழுதப்போவதில்லை. கதவு வைத்த அறைகள் என்று சொல்லித்தான் பதிவு செய்தார் அப்பா. போய் இறங்கினால் ஒரு அறை மூன்றாம் மாடி, ஒரு அறை ஒன்பதாம் மாடி. நான்கு நாளும் லிப்டிலேயே குடும்பம் நடத்தினோம். யார் எங்கே சாப்பிட்டார்கள், யார் எப்போது தூங்கினார்கள், ஒன்றும் தெரியாது. அந்தப் பயணத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல் பார்ப்போம். உன்னால் முடியாது. என்னாலும் முடியவில்லை.

டிஸ்னியின் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ரிசார்ட்டில் இருக்கிற ஃபேமிலி சூட், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையைச் சாய்த்தால் கட்டிலாகிவிடுகிறது, இரண்டு பாத்ரூம் வேறு. ஆனால் ஆறு பேர்தான், நமக்கு இரண்டு எடுக்க வேண்டும். அடுப்பும் கிடையாது, மைக்ரோவேவ்தான். ஃபோர்ட் வில்டர்னெஸ் கேபினும் ஆறு பேர் கணக்குத்தான். பழைய மரக் கேபின்களை எடுத்துவிட்டு 2024இல் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். படத்தில் பார்த்தேன், கண்ணாடி ஜன்னலும் அதுவுமாக அழகாகத்தான் இருக்கிறது. நீங்கள் நான்கு பேர் மட்டும் போகும்போது அதை எடு.

டிஸ்னிக்கு வெளியே கிஸ்ஸிம்மி பக்கம் ஐந்து படுக்கையறை வாடகை வீடு, சொந்த நீச்சல்குளம் என்று தம்பி குதிக்கிறான். ஒரு ராத்திரிக்கு அவ்வளவுதானா என்று நானும் முதலில் மயங்கினேன். அப்புறம் சுத்தம் செய்யும் கட்டணம், வரி எல்லாம் கூட்டிப் பார்த்தேன், பரவாயில்லை, அப்போதும் மலிவுதான். என் கவலை பணம் இல்லை. அவன் குட்டிக்கு இரண்டு வயது. வீட்டுக் கதவைத் திறந்தால் குளம். ஃபுளோரிடாவில் 2000 அக்டோபருக்குப் பிறகு கட்டிய வீட்டுக் குளத்துக்கு வேலியோ, கதவில் மணியோ, ஏதாவது ஒரு காப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இருக்கட்டும். ஒன்பது பேர் உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருக்கிற வீட்டில் அந்த மணியை முதல் நாளே யாராவது தொல்லை என்று அணைத்துவிடுவார்கள். யார் என்று எனக்குத் தெரியும், உங்கப்பாதான். அதோடு மத்தியானம் குழந்தை தூங்க வேண்டுமென்றால் பார்க்கிங்கிலிருந்து காரை எடுத்து, நெரிசலில் ஓட்டி, திரும்ப வந்து... ஒரு நாள் செய்வீர்கள். மறுநாளிலிருந்து குழந்தை தூங்காது, நாமும்தான்.

மிச்சம் புதிய மரவீடு. நீ அதைத்தான் மனதில் வைத்திருக்கிறாய், தெரியும். ஒன்பது பேர் தங்கலாம் என்று போட்டிருப்பதும் உண்மைதான். மூன்று படுக்கையறை, இரண்டில் பெரிய கட்டில், ஒன்றில் மாடிக்கட்டில். மற்ற மூன்று பேர் கூடத்தில், விரிகிற சோபாவிலும் நாற்காலியிலும். இப்போது கீழறையே கிடையாது, சுருள்படியும் கிடையாது, எல்லாம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில். அப்பாவின் முழங்கால் அந்தப் பத்தடி வாசல்படியை நாளுக்கு நான்கு தடவை ஏறி இறங்காது. சரி, அதையும் சமாளிக்கலாம் என்றே வைத்துக்கொள். பாத்ரூம் இரண்டு. ஒன்பது பேர், இரண்டு பாத்ரூம், காலை ஏழரைக்குள் கிளம்பி அரை மணி முன்னதாகப் பார்க்குக்குள் நுழைய வேண்டும் என்று நீ அட்டவணை போட்டிருக்கிறாய். மருமகள் தலைக்குக் குளிக்கிற நாளில் என்ன செய்வாய்?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று பட்டது. அந்த வீட்டில் மரத்தின் மேல் இருந்ததற்காக நாம் ஒன்றும் அதை நினைத்துக்கொண்டிருக்கவில்லை. நான் ரசம் தாளித்தால் ஐந்து பேர் மூக்குக்கும் எட்டும். அப்பத்தா திண்ணையிலிருந்து கூப்பிட்டால் எந்த அறையில் இருந்தாலும் கேட்கும். நடுவில் ஒரு கூடம், அதில் ஒரு அடுப்பு, வெளியே உட்கார ஒரு இடம், அங்கே பார்ப்பதற்கு ஒரு மிருகம்.

அதனால் நானே தேடினேன். டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் கிடானி வில்லேஜ் என்று ஒரு பகுதி, அதுவும் 2009இல்தான் திறந்தது. இரண்டு படுக்கையறை வில்லா, ஒன்பது பேர், முழுச் சமையல்கட்டு, துணி துவைக்கிற மெஷின், லிப்ட். பாத்ரூம் மூன்று. நன்றாகப் படி, மூன்று. சவானா வியூ என்று கேட்டு எடுத்தால் பால்கனிக்கு எதிரே புல்வெளி, அதில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். ஸ்டாண்டர்ட் வியூ எடுத்து நான்கு காசு மிச்சம் பிடிக்காதே, வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டியிருக்கும். கீழே சனா என்று ஒரு சாப்பாட்டுக் கடை, ஆப்பிரிக்க, இந்தியச் சமையல். நான் ரொட்டியும் கூடவே விதவிதமான சட்னியும் தருகிறார்களாம். ரசம் தர மாட்டார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. தாழ்வாரம் நீளம், அறை கடைசியில் கிடைத்தால் லிப்டுக்கே நடைப்பயிற்சி. எங்கே போனாலும் பஸ்தான். படகு இல்லை, ஸ்கைலைனர் என்கிற அந்தரத்தில் போகிற கம்பிவட வண்டியும் இல்லை. மேஜிக் கிங்டமும் கொஞ்சம் தூரம். விமான நிலையத்திலிருந்து முன்பு இலவச பஸ் விட்டார்கள், அதை 2021 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். ஒன்பது பேருக்கு ஒரு மினிவேன் போதாது, எட்டுதான் உட்காரலாம். நாங்கள் அட்லாண்டாவிலிருந்து காரில் வந்துவிடுகிறோம், நீங்களும் தம்பியும் விமானம் இறங்கி ஒரு வேன் எடுங்கள், சரியாகிவிடும்.

பணம் யோசிக்க வைக்கும். நேராக ரிசார்ட்டில் கேட்டால் தலை சுற்றுகிற விலை. டிஸ்னியின் வெகேஷன் கிளப்பில் பணம் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு வருஷா வருஷம் தங்குவதற்கு பாயின்ட் உண்டு, அவர்களிடம் அந்த பாயின்டை வாடகைக்கு எடுத்தால் கணிசமாகக் குறையும். ஆனால் அதில் தேதி மாற்றுவதும் பணம் திரும்பி வருவதும் பெரும்பாலும் நடக்காத காரியம். குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் அவ்வளவுதான், அதனால் பயணக் காப்பீடு எடுத்துவிடு. தாங்கள் பாயின்ட் வாங்கிய சொந்த ரிசார்ட் என்றால் உறுப்பினர்கள் 11 மாதம் முன்னால் பதிவு செய்யலாம், மற்ற ரிசார்ட் என்றால் 7 மாதம். கிடானியைச் சொந்த ரிசார்ட்டாக வைத்திருக்கிறவராகப் பார்த்துப் பிடி. இன்னொன்று, இரண்டு படுக்கையறை வில்லாவில் இரண்டு தினுசு உண்டு. லாக்-ஆஃப் என்றால் ஒரு பக்கம் தனி வாசலும் குட்டிச் சமையல் மேடையும் உள்ள ஸ்டூடியோ, நடுவில் ஒரு கதவு. தம்பிக்கும் மருமகளுக்கும் அது தோது, குழந்தை தூங்கிய பிறகு அவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். நடுக்கதவை மட்டும் பூட்டக் கூடாது என்று சொல்லிவை.

இரண்டு கோரிக்கை. ஒருநாள் சாயங்காலம் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்குப் போய், அங்கிருந்து சரட்டோகா பக்கம் போகிற படகில் என்னை ஏற்றிவிடு. புதிய மரவீடுகள் தண்ணீரிலிருந்து தெரியும். தங்க வேண்டாம், பார்த்தால் போதும். பிள்ளைகள் வருவதென்றால் வரட்டும், அவர்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து உட்காரவை.

இரண்டாவது கோரிக்கை, அந்த மூன்றாவது பாத்ரூம் எனக்கு. அப்பாவிடம் சொல்லாதே, இந்த வரி எழுதும்போது டீ போடப் போயிருக்கிறார்.

தேதி முடிவானதும் கூப்பிடு. பெரிய குக்கரை நான் எடுத்து வருகிறேன். நீ புளி மட்டும் வாங்கி வா. போன தடவை நீ வாங்கிய அந்த பேஸ்ட் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா